குடல் ஆபரேஷனில் 80% ஆக்சிஜன் கொடுத்தால் தைத்த இடம் சீக்கிரம் கூடுமா?

கடையநல்லூர்_மகன்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயசு, நெல் விவசாயம். ஆறேழு மாசமாவே சோர்வா இருக்குன்னு சொல்லிட்டு இருந்தார். வரப்புல நாலு எட்டு வச்சாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துடுவார். ரத்தம் டெஸ்ட் பண்ணினப்போ ஹீமோகுளோபின் 8.2. கொலனோஸ்கோப்பி பண்ணிப் பார்த்தா வலது பக்கப் பெருங்குடல்ல கட்டி. பயாப்ஸி ரிசல்ட்ல கேன்சர்னு வந்துருச்சு. வேற எங்கேயும் பரவலைன்னு ஸ்கேன் சொல்லுது, அது ஒண்ணுதான் இப்போதைக்கு ஆறுதல்.

வலது பக்கக் குடலை எடுத்துட்டு, சிறுகுடலோட முனையை மிச்சப் பெருங்குடலோட சேர்த்துத் தைக்கணும்னு சர்ஜன் சொன்னார். மலம் சேர வயித்துல பை எல்லாம் வைக்க வேண்டி வராதுன்னும் சொன்னார். ஆனா கையெழுத்து வாங்கும்போது, "சேர்த்த இடம் சிலருக்குக் கூடாம கசியும், அப்படி ஆனா மறுபடி வயித்தைத் திறக்க வேண்டி வரலாம்"னு சொல்லிட்டார். அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

இப்ப சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸ்அப்புல ஒரு செய்தி அனுப்பியிருக்கார். ஆபரேஷன் நேரத்துல 80 சதவீதம் ஆக்சிஜன் குடுத்தா குடல் நல்லா ஒட்டுமாம், நம்ம ஊர்ல 30, 40 தான் வைப்பாங்களாம், "கேட்டு வாங்கு"ன்னு இருக்கு. இது நிஜமா? மயக்க மருந்து டாக்டர்கிட்ட இதைக் கேட்கலாமா, கோவிச்சுக்குவாங்களா? வீட்டுக்கு ஒரு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வாங்கி வச்சுக்கணுமா? ஆபரேஷனுக்கு இன்னும் மூணு நாலு வாரம் இருக்கு. இன்னொண்ணும் சொல்லிடறேன், அப்பா பீடி பிடிப்பார். இப்பவும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி போய்ப் பிடிக்கிறார்.

---

தியேட்டர்_வாசி:

தம்பி, நான் மயக்க மருந்து டாக்டர். குடல் ஆபரேஷன்களுக்குப் பல வருடமாக மயக்கம் கொடுத்துக்கொண்டிருப்பவள். முதலில் ஒன்று: தாராளமாகக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆபரேஷனுக்கு முன் உடல்தகுதி பார்க்க எங்களிடம் அனுப்புவார்கள் அல்லவா, அன்றைக்கே கேளுங்கள். ஆனால் அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி ஆக்சிஜன் சதவீதம் பற்றியது அல்ல. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய் இல்லை. அதற்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. தைத்த குடல் கூட வேண்டுமென்றால் உடம்பு அங்கே புதிதாகக் கொலாஜன் என்ற நாரை உற்பத்தி செய்ய வேண்டும். அந்த நார் முறுக்கேறி வலுப்பெற ஆக்சிஜன் தேவை, வைட்டமின் சி தேவை, இரும்பும் தேவை. கிருமியைக் கொல்லும் வெள்ளை அணுக்களும் ஆக்சிஜனை வைத்துத்தான் தங்கள் ஆயுதத்தைத் தயாரிக்கின்றன. ஆகவே காயத்தில் ஆக்சிஜன் குறைந்தால் கெடுதல் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மூச்சு வழியாக அதிகமாகக் கொடுத்தால் அது காயத்துக்கு அதிகமாகப் போய்ச் சேருமா, சேர்ந்தாலும் நோயாளிக்கு நன்மை உண்டா என்பதுதான் கேள்வி.

2000இல் வியன்னாவை மையமாகக் கொண்ட ஒரு குழு 500 பெருங்குடல் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேருக்கு 30%, பாதிப் பேருக்கு 80%. ஆபரேஷன் முழுக்கவும், முடிந்த பிறகு 2 மணி நேரமும் கொடுத்தார்கள். காயத்தில் சீழ் வைத்தவர்கள் 30% குழுவில் 11.2 சதவீதம், 80% குழுவில் 5.2 சதவீதம். பாதிக்கும் கீழே! செலவே இல்லாத ஒரு சிகிச்சை, குமிழைத் திருகினால் போதும் என்று உலகம் முழுக்க எங்கள் துறையில் பேச்சாக இருந்தது. 2005இல் ஸ்பெயினில் 14 மருத்துவமனைகளில் செய்த ஆய்விலும் 24.4 சதவீதம் 14.9 ஆகக் குறைந்தது.

ஆனால் நடுவில், 2004இல், நியூயார்க்கில் 160 பேரிடம் பார்த்தபோது நேர்மாறாக வந்தது. தொற்று வந்தவர்கள் 80% கொடுத்தவர்களில் 25 சதவீதம், 35% கொடுத்தவர்களில் 11.3 சதவீதம். பிறகு 2009இல் டென்மார்க்கில் 14 மருத்துவமனைகள் சேர்ந்து 1,400 பேரிடம் செய்த பெரிய ஆய்வு வந்தது. தொற்று 80% குழுவில் 19.1 சதவீதம், 30% குழுவில் 20.1. அதாவது வித்தியாசமே இல்லை. குடல் இணைப்புக் கசிவிலும் அவர்கள் வித்தியாசம் பார்க்கவில்லை. 2018இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் 5,700க்கும் மேற்பட்ட குடல் ஆபரேஷன்கள். அங்கே செய்த முறை எனக்கு மிகவும் பிடித்தது: இரண்டு வாரம் தியேட்டர்கள் எல்லாவற்றிலும் 30%, அடுத்த இரண்டு வாரம் எல்லாவற்றிலும் 80%, இப்படி மாற்றி மாற்றி மூன்று வருடத்துக்கும் மேலாக. ஆழமான தொற்று, காயம் ஆறுவதில் சிக்கல், 30 நாளுக்குள் மரணம் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் 80% பக்கம் 10.8 சதவீதம், 30% பக்கம் 11.0. இங்கேயும் வித்தியாசம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் எண்ணியது வயிற்றுத் தோலில், காயத்தில் வரும் தொற்றை. உங்கள் பயம் குடலைச் சேர்த்த இடம் பற்றியது. அதையே நேரடியாகப் பார்த்து 80% நல்லது என்று சொன்ன ஆய்வுகள் இத்தாலியிலிருந்து வந்தன. 2019இல் அந்த ஆசிரியர் குழுவின் கட்டுரைகளில் உள்ள எண்களை நம்ப முடியுமா என்று எங்கள் துறை இதழிலேயே கேள்வி எழுந்தது. அவற்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தால் 80% பக்கம் இருந்த சாய்வு மெலிந்துவிடுகிறது.

இப்போது உங்கள் அப்பாவின் கணக்குக்கு வருவோம். இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். அப்பாவுக்கு 100 மில்லி ரத்தத்தில் 8.2 கிராம். அப்படியென்றால் அவருடைய 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 11 மில்லி ஆக்சிஜன். ஹீமோகுளோபின் 14 உள்ளவருக்கு 18 மில்லிக்கும் மேல். சாதாரண நுரையீரல் உள்ளவருக்கு 30% கொடுத்தாலே ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட நிரம்பிவிடும், விரலில் மாட்டும் கருவியில் 98, 99 காட்டும். அதற்கு மேல் 80% கொடுத்தால் கூடுதல் ஆக்சிஜன் ரத்த நீரில் கரைந்துதான் போக வேண்டும். அப்படிக் கரைவது 100 மில்லிக்குக் கூடுதலாக ஒரு மில்லிகூட இல்லை, சுமார் 0.7. அதே அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 8.2இலிருந்து 10க்கு ஏறினால் 2.4 மில்லி கூடும். நான் திருகும் குமிழை விட மூன்று மடங்கு.

கரைந்த ஆக்சிஜனின் அளவு கம்மி என்றாலும் அதன் அழுத்தம் அதிகம், அந்த அழுத்தம்தான் திசுவுக்குள் தள்ளுகிறது என்று 80% ஆதரவாளர்கள் சொல்வார்கள். அதுவும் நியாயமான வாதமே. வியன்னா ஆய்வில் தோலுக்கடியில் ஆக்சிஜன் அழுத்தம் கிட்டத்தட்ட இரு மடங்கு ஆனது. ஆனால் அந்த இடத்துக்கு ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது நடக்கும். நீங்கள் விவசாயக் குடும்பம், உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: மோட்டாரை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் வாய்க்கால் அடைத்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. வெட்டித் தைத்த குடல் முனைதான் கடைமடை.

அந்த முனைக்கு ரத்தம் போகிறதா என்று பார்ப்பது சர்ஜனின் வேலை. கட்டி இருக்கும் பகுதியை எடுத்தவுடன் அவர் மீதிக் குடலின் வெட்டிய ஓரத்தைக் கையில் பிடித்துச் சற்று நேரம் பார்ப்பார். ஓரத்தில் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் கசிய வேண்டும். ஓரத்துச் சிறு ரத்தக் குழாயில் கிடுக்கியைத் தளர்த்தினால் துடித்துப் பீறிட வேண்டும். கருஞ்சிவப்பாக மெதுவாக ஊறினால், இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டு நல்ல ஓரம் வந்த பிறகுதான் தைப்பார். அந்த நேரத்தில் நான் திரைக்கு மேலே எட்டிப் பார்ப்பேன். நிறம் சரியில்லை என்றால் என் பக்கம் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறதா, திரவம் போதவில்லையா, நான் கொடுத்த மருந்து ரத்தக் குழாயைச் சுருக்கிவிட்டதா என்று பார்ப்பேன். ஆக்சிஜன் குமிழுக்கு என் கை கடைசியாகத்தான் போகும்.

உங்கள் அப்பாவுக்கு வலது பக்கம் என்பது நல்ல செய்தி. அங்கே சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்துக்கு ரத்த ஓட்டம் தாராளம். கசிவு அதிகம் வருவது ஆசனவாய்க்குப் பக்கத்தில் மலக்குடலைச் சேர்க்கும்போதுதான்.

கான்சென்ட்ரேட்டர் வாங்காதீர்கள். அந்தக் காசை இரும்புக்கும் முட்டைக்கும் பருப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பீடி பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது தியேட்டருக்குக் கூப்பிடுகிறார்கள்.

---

பெரியகுளம்_ராஜி:

தம்பி, தைரியமா இருங்க. எங்க அம்மாவுக்கு மலக்குடல்ல கட்டி, ரொம்பக் கீழே. தையல் கூடற வரைக்கும் மலம் அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு வயித்துல தற்காலிகமா பை வச்சாங்க. முதல்ல அம்மா அழுதாங்க. ஆனா நர்ஸ் சொல்லிக் குடுத்ததுக்கு அப்புறம் அவங்களே மாத்திக்க ஆரம்பிச்சாங்க. சில மாசம் கழிச்சு இன்னொரு சின்ன ஆபரேஷன்ல அதை உள்ளே எடுத்து மூடிட்டாங்க. இப்போ சமையல் எல்லாம் அவங்கதான்.

எங்களுக்கு ஆக்சிஜன் எவ்வளவு வச்சாங்கன்னு யாரும் சொல்லலை, நாங்களும் கேட்கலை. ஆனா ஆபரேஷன் முடிஞ்சு வெளியே கொண்டு வந்தப்போ அம்மா வெடவெடன்னு நடுங்கினாங்க. அது இன்னும் என் மனசை உறுத்துது. குளிர்னால காயம் ஆறாம போகுமா டாக்டர் மேடம்?

---

அறுவை_முதுநிலை:

நான் பொது அறுவை சிகிச்சை முதுநிலை மாணவன். மேடம் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று, உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே 80% இருக்கிறது. மூச்சுக்குழாயில் டியூப் போட்டு முழு மயக்கம் கொடுக்கும் பெரியவர்களுக்கு ஆபரேஷன் நேரத்திலும், முடிந்து 2 முதல் 6 மணி நேரமும் 80% கொடுக்கலாம் என்கிறது. அப்படியிருக்க ஒரு நோயாளியின் மகன் அதைக் கேட்டால் தப்பில்லை.

இரண்டு, இரும்பு ஊசி. பிரிட்டனில் 487 பேரிடம் நடந்து 2020இல் வந்த ஆய்வில், பெரிய வயிற்று ஆபரேஷனுக்கு முன்னால் சிரை வழியாக இரும்பு கொடுத்தும் ரத்தம் ஏற்றும் தேவையோ மரணமோ குறையவில்லை. ஆக்சிஜனுக்கு ஆதாரம் போதாது என்றால் இரும்புக்கும் அதே அளவுகோலை வைக்க வேண்டும் அல்லவா?

---

தியேட்டர்_வாசி:

தம்பி முதுநிலை, நல்ல கேள்விகள். இப்படி மடக்கிக் கேட்கிற பிள்ளைகள்தான் நல்ல சர்ஜனாக வருவார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை முழுக்கச் சொல்ல வேண்டும். 2016இல் அது வலுவான பரிந்துரை. உடனேயே உலகம் முழுக்க மயக்க மருந்து டாக்டர்கள் எதிர்த்து எழுதினார்கள். சந்தேகத்துக்குரிய ஆய்வுகளை விலக்கி மறுபடி கணக்குப் பார்த்து, 2018இல் அதை நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரையாக இறக்கிவிட்டார்கள். அதாவது, கொடுத்தால் தவறில்லை, கொடுக்காவிட்டால் குற்றமும் இல்லை. என் வாதமும் அதுதான். கடையநல்லூர் தம்பியின் அப்பாவுக்கு 80% வைத்தால் நான் சண்டை போட மாட்டேன். 40% வைத்தாலும் போட மாட்டேன். அதை நினைத்து ஒரு மகன் தூக்கம் கெடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அதிக ஆக்சிஜனால் கெடுதலே இல்லையா என்றால், உண்டு. நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். அது ரத்தத்துக்குள் அதிகம் போகாமல் நுரையீரலின் சிற்றறைகளை விரித்துப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் மட்டும் நிறைந்திருந்தால் ரத்தம் அதை முழுக்க உறிஞ்சிக்கொள்ளும், சிற்றறை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பீடி பிடித்துச் சளி கட்டிய நுரையீரலில் இது இன்னும் எளிதாக நடக்கும். டென்மார்க் ஆய்வில் இருந்தவர்களைச் சில வருடம் கழித்து எண்ணிப் பார்த்தபோது 80% குழுவில் 23.2 சதவீதம் பேரும் 30% குழுவில் 18.3 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள், அந்த வித்தியாசம் கேன்சர் நோயாளிகளிடம்தான் தெரிந்தது. பிறகு வேறு இடங்களில் பார்த்தபோது அது உறுதிப்படவில்லை. அதனால் அதைக் காட்டி யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் "அதிகம் கொடுத்தால் அதிக நன்மை" என்று ஆக்சிஜனைச் சத்து டானிக் மாதிரி பேசுவதை நான் ஏற்க மாட்டேன். அது மருந்து. மருந்துக்கு அளவு உண்டு.

தியேட்டரில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்த வாட்ஸ்அப் செய்தி எழுதியவர் மயக்கக் கருவியைப் பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. தூங்க வைப்பதற்கு முன் முகத்தில் மாஸ்க் வைத்து 100% ஆக்சிஜன் கொடுப்போம். அது எல்லோருக்கும். டியூப் போட்ட பிறகு குறைப்போம். ஆக்சிஜன் ஒரு லிட்டர், காற்று ஒரு லிட்டர் என்று சமமாகத் திறந்தாலே 60% வந்துவிடும். ஆக, "நம்ம ஊரில் 30தான்" என்பது பொதுவாகச் சரியில்லை. முன்பெல்லாம் ஆக்சிஜனோடு நைட்ரஸ் ஆக்சைடு கலப்போம், அப்போது 33%தான் நிற்கும். அந்த வாயு குடலுக்குள் புகுந்து உப்ப வைக்கும், சர்ஜன்கள் திட்டுவார்கள். இப்போது குடல் ஆபரேஷனுக்கு அதைத் தொடுவதே அபூர்வம்.

இரும்பு பற்றி: அந்த ஆய்வில் ரத்தம் ஏற்றுவது குறையவில்லை, உண்மை. ஆனால் ஹீமோகுளோபின் ஏறியது. இந்த அப்பாவுக்குக் கட்டியிலிருந்து மாதக்கணக்கில் தெரியாமல் ரத்தம் கசிந்து இரும்பு வற்றிப்போயிருக்க வேண்டும். வலது பக்கக் கட்டியின் சுபாவமே அது. இரும்புக் குறைவுக்கு இரும்பு கொடுப்பது ஆபரேஷனுக்காக மட்டும் இல்லை, பின்னால் கீமோ தேவைப்பட்டால் அதைத் தாங்கவும் வேண்டும். மாத்திரைக்கு நேரம் போதாது, கட்டியிலிருந்து கசிவும் நிற்கவில்லை. ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்) பார்த்து, சிரை வழியாக இரும்பு போடலாமா என்று சர்ஜனிடம் இந்த வாரமே கேளுங்கள். ரத்தம் ஏற்றுவது கட்டாயம் என்றால் மட்டும்தான். தேவையில்லாமல் ரத்தம் ஏற்றினால் தொற்று வரும் வாய்ப்புக் கூடும்.

ராஜி, குளிர் பற்றிக் கேட்டீர்கள். ஆக்சிஜன் ஆய்வு செய்த அதே வியன்னா வட்டாரத்துக்காரர்கள் 1996இல் 200 குடல் நோயாளிகளை எடுத்து, பாதிப் பேரைச் சூடாக 36.6 டிகிரியில் வைத்தார்கள், மீதிப் பேரின் உடம்பு 34.7 வரை இறங்கியது. காயத் தொற்று சூடானவர்களுக்கு 6 சதவீதம், குளிர்ந்தவர்களுக்கு 19. உடம்பு குளிர்ந்தால் ரத்தக் குழாய்கள் இறுகிவிடும், நான் கொடுக்கும் ஆக்சிஜன் காயம் வரை போகாது. 2022இல் சீனாவிலும் கிளீவ்லாந்திலும் 5,000க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தபோது 35.5 டிகிரிக்கும் 37க்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் அரை டிகிரிக்காகப் பதற வேண்டாம், 35க்குக் கீழே விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் அம்மா நடுங்கியது பெரும்பாலும் மயக்கம் தெளியும்போது வருவது. அவருக்குக் காயம் நன்றாக ஆறிவிட்டதே, அதை மனதில் வைத்து இனி வருந்தாதீர்கள்.

இப்போது பீடி. கடையநல்லூர் தம்பி, இதை அப்பாவை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். பீடிப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அது ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், சீக்கிரம் இறங்காது. ஏற்கனவே 8.2தான், அதிலும் ஒரு பங்கு இப்படி வீணாகிறது. இதில் கொடுமை என்னவென்றால் விரலில் மாட்டும் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணி 98 காட்டும். நாங்களும் ஏமாறுவோம். நிறுத்திய ஒரு நாளிலேயே இந்த வாயு பெரும்பாலும் வெளியேறிவிடும். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்குவதும் நின்றுவிடும். நாலு வாரம் நிறுத்தினால் காயம் ஆறுவதிலும் நுரையீரலிலும் தெளிவான பலன் உண்டு. உங்களிடம் கிட்டத்தட்ட அந்த நாலு வாரம் இருக்கிறது. நாளைக்கு நிறுத்தலாம் என்று சொன்னால் அது மூன்றாகிவிடும்.

திட்டாதீர்கள். ஒளித்துப் பிடிப்பவரைத் திட்டினால் இன்னும் தூரம் போய்ப் பிடிப்பார். நிகோட்டின் சூயிங்கம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், காலையும் மாலையும் அவரோடு நடக்கப் போங்கள், மூச்சு வாங்காத அளவுக்கு.

---

கடையநல்லூர்_மகன்:

மேடம், ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். 98 காட்டுறது பொய்யா இருக்கலாம்னு சொன்ன இடத்துல நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப மிஷினையே ஏமாத்துதா"ன்னு கேட்டார். பீடிக்கட்டை அம்மாகிட்ட குடுத்துட்டார். பார்ப்போம்.

ஃபெரிட்டின் டெஸ்டுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. இன்னும் ஒரு சந்தேகம்: கசிவு வந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்? முதல் நாளே தெரிஞ்சுடுமா?

---

வார்டு_சிஸ்டர்:

இதுக்கு நான் சொல்றேன், ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்களைப் பார்த்துக்குற வார்டுலதான் எனக்கு வேலை.

முதல் நாளே தெரியாது தம்பி. முதல் சில நாள் தையலும் ஸ்டேப்பிளும்தான் குடலைப் பிடிச்சு வச்சிருக்கும். உடம்பு பழைய நாரைக் கரைச்சுட்டுப் புதுசு போடுறதால மூணாவது நாலாவது நாள்லதான் அந்த இடம் ரொம்ப பலவீனமா இருக்கும், அப்புறம்தான் வலு ஏறும். கசிவு பெரும்பாலும் அஞ்சாறு நாள் சுமாருக்கு வெளியே தெரியும். அதனால "மூணு நாள் நல்லா இருந்தார், இனி பயமில்லை"ன்னு அசந்துடாதீங்க.

நாங்க முதல்ல பார்க்குறது நாடித்துடிப்பு. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே துடிப்பு ஏறும். நேத்து 84 இருந்தவர் இன்னைக்குச் சும்மா படுத்திருக்கும்போதே 115னா டாக்டரைக் கூப்பிட்டுடுவோம். மூச்சு வேகமாகும். நிக்காத விக்கல் வரும். காத்துப் பிரிஞ்சுட்டு இருந்தவருக்கு அது நின்னு வயிறு உப்பும். வயித்துல டியூப் வச்சிருந்தா அதுல வர்ற தண்ணி கலங்கும், நாத்தம் வரும். சிலர் வலியே சொல்ல மாட்டாங்க, "என்னமோ சரியில்லை"ம்பாங்க. வயசானவங்க திடீர்னு சம்பந்தமில்லாமப் பேசினாலும் அதை லேசா எடுக்கக் கூடாது. மூணாவது நாலாவது நாள் சி.ஆர்.பி.ன்னு, உள்ளே அழற்சி இருக்கான்னு காட்டுற ரத்த டெஸ்ட் எடுப்பாங்க. அது 150க்கு மேல நின்னா ஸ்கேன் பண்ணலாமான்னு யோசிப்பாங்க.

ஆக்சிஜன் மாஸ்க் பத்தி ஒண்ணு. ஆபரேஷன் அன்னைக்கு மூக்குலயோ முகத்துலயோ வச்சிருப்போம். சொந்தக்காரங்க வந்து குமிழைத் திருகி அதிகம் வைப்பாங்க, நல்லதுன்னு நினைச்சு. தயவுசெஞ்சு தொடாதீங்க. பல வருஷம் பீடி பிடிச்சு நுரையீரல் கெட்டவங்களுக்கு அளவுக்கு மேல குடுத்தா கரியமில வாயு தங்கி மயங்கிடுவாங்க. அவங்களுக்கு விரல் கருவியில 88ல இருந்து 92 இருந்தாலே போதும்னு டாக்டரே எழுதி வைப்பார். 100 காட்டணும்னு அவசியம் இல்லை.

அதுக்குப் பதிலா நீங்க செய்யக்கூடியது இருக்கு. மூணு பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி இப்பவே வாங்கிடுங்க. அது ஊதுறதுக்கு இல்லை, உறிஞ்சுறதுக்கு. நிறைய பேர் திருப்பிப் பிடிச்சு ஊதிட்டு இருப்பாங்க. மெதுவா இழுத்துப் பந்தை மேலேயே கொஞ்ச நேரம் நிறுத்தணும். ஆபரேஷனுக்கு முன்னாடியே பழகிட்டா அப்புறம் வலியிலயும் செய்வார். இருமும்போது ஒரு தலையணையை வயித்துல அணைச்சுப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. மறுநாளே எழுந்து உட்கார வைப்போம், நடக்க வைப்போம். "ஐயோ தையல் பிரிஞ்சுடும்"னு வீட்டுக்காரங்க தடுப்பாங்க. பிரியாது. நடந்தா நுரையீரல் விரியும், குடலும் சீக்கிரம் அசையும்.

வலிக்குதுன்னு வெளிக்கடையில டைக்ளோஃபெனாக் வாங்கிக் குடுக்காதீங்க. அந்த வகை மாத்திரைக்கும் கசிவுக்கும் தொடர்பு இருக்கலாம்னு சில ஆய்வுகள் சொல்றதால சர்ஜன்கள் அதுல ஜாக்கிரதையா இருப்பாங்க. எது குடுக்கணும்னு அவங்க எழுதுவாங்க.

---

அறுவை_முதுநிலை:

சிஸ்டர் சொன்னது அத்தனையும் சரி. எங்கள் பாடத்தில் இல்லாத வரிசையில், ஆனால் வார்டில் நடக்கிற வரிசையில் சொன்னீர்கள்.

ஒரு கூடுதல் செய்தி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் செய்து 2015இல் வந்த ஆய்வில், குடலில் இயல்பாக வாழும் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற கிருமி கொலாஜனைக் கரைக்கும் நொதியைச் சுரந்து தைத்த இடத்தைக் கெடுப்பதாகக் காட்டினார்கள். ரத்த ஓட்டமும் தையலும் சரியாக இருந்தும் சிலருக்கு ஏன் கசிகிறது என்ற கேள்விக்கு ஒரு கதவு அங்கே திறந்தது. ஆபரேஷனுக்கு முதல் நாள் குடலைச் சுத்தம் செய்யும் மருந்தும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் கொடுத்தால், எழுதிய நேரத்தில் தவறாமல் கொடுங்கள். அப்பா "வயித்தால போகுது, போதும்" என்று பாதியில் நிறுத்திவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடம், 2018 மாற்றத்தைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. எங்கள் துறைக் கூட்டத்தில் இதை எடுத்து வைக்கிறேன்.

---

கடையநல்லூர்_மகன்:

இன்னைக்கு மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துட்டு வந்தோம். ஆக்சிஜன் பத்திக் கேட்டேன். கோவிச்சுக்கலை. "50க்குப் பக்கத்துல வைப்பேன், தேவைப்பட்டா ஏத்துவேன்"னு சொன்னார். சூடான காத்து ஊதுற போர்வை இருக்கான்னு கேட்டதும், யார் சொல்லிக் குடுத்ததுன்னு சிரிச்சார். இருக்காம். இரும்பு ஊசி நாளைக்கு முதல் டோஸ். அப்பா மூணு பந்துல ரெண்டைத் தூக்கிட்டார்.

சிஸ்டர், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் ஏதாவது ஆனா? எங்க ஊர்ல இருந்து ஆஸ்பத்திரி ரொம்ப தூரம்.

---

வார்டு_சிஸ்டர்:

டிஸ்சார்ஜ் சம்மரியையும் வார்டு போன் நம்பரையும் வாங்காம வாசலைத் தாண்டாதீங்க. முதல் பத்து நாளாவது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல சொந்தக்காரங்க வீடு இருந்தா அங்கே தங்கிடுங்க. காய்ச்சல், வயிறு உப்பல், வாந்தி, நெஞ்சு படபடப்பு, இதுல எது வந்தாலும் உள்ளூர்ல ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம்னு இருக்காதீங்க. ராத்திரி எந்த நேரமானாலும் வண்டி பிடிச்சு ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கே நேரா வாங்க. வர்ற வழியிலேயே போன் பண்ணிடுங்க. சாப்பாடு, தண்ணி எதுவும் குடுக்காம வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க, மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டியிருந்தா நேரம் வீணாகாது.